சர்க்கரை வந்த பீமன்

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். அதில் ஊர் ஒரு ஆள் குறையாமல் கூடுவது ஒரே நாள்தான். கண்ணன் கீதை சொல்லும் நாளில் கொட்டகையில் நாய்கள் படுத்திருக்கும். அபிமன்யு சாகும் நாளில் சில பெண்கள் வந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போவார்கள். பீமன் சோறு தின்னும் நாளில் மட்டும், வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள்கூடப் பிள்ளைகுட்டிகளோடு பஸ் பிடித்து வந்து இறங்கிவிடுவார்கள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாண்டவர்கள் ஏகசக்கரம் என்ற ஊரில் ஒளிந்திருந்தபோது, ஊருக்கு வெளியே பகாசுரன் என்று ஒரு அரக்கன் இருந்தான். தினமும் ஒரு வண்டிச் சோறும், அதை ஓட்டி வரும் ஆளும் அவனுக்குச் சாப்பாடு. ஒருநாள் பீமன் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். வழியிலேயே அரக்கனின் சோற்றைத் தான் தின்று தீர்த்தான். பிறகு அரக்கனையும் தீர்த்தான். "அந்த ஏகசக்கரம் வேற எதுவும் இல்ல, இந்த ஊருதான்" என்று எங்கள் பிரசங்கியார் வருஷம் தவறாமல் மைக்கில் சொல்வார். பக்கத்து ஊர்த் திருவிழாவிலும் பாரதம் சொல்வது அவர்தான். அங்கே போனால் அந்த ஊர்தான் ஏகசக்கரம். திண்டிவனத்தைச் சுற்றி மட்டும் எட்டு ஏகசக்கரம் இருக்கிறது.

எங்கள் ஊரில் பீமன் என் அப்பா மாயவன். அது எங்கள் குடும்பத்து உரிமை. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை தூக்குகிற ஆள் என்பதால் உடம்பும் அதற்குத் தோதாக இருக்கும். விழாவின் ஆறாம் நாள் உச்சிப்பொழுதில் கிரீடம், புஜக்கட்டை, தொப்புள்வரை தொங்கும் சணல் மீசை எல்லாம் கட்டிக்கொண்டு அவர் வண்டியில் உட்காருவார். வண்டி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். அந்த வீட்டுப் பெண் ஆக்கி வைத்ததைக் கொண்டுவந்து கொடுப்பாள். பீமன் ஒரு வாயாவது தின்ன வேண்டும். பீமன் வாய் வைக்காமல் போன வீட்டுக்காரனின் நிலத்தில் அந்த வருஷம் மல்லாட்டை பொக்கையாகப் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. ஊரில் நூற்று நாற்பது வீடு.

2005-இல் பீமனுக்குச் சர்க்கரை வந்தது.

வந்தது எப்போதோ. தெரிந்தது அந்த வருஷம்தான். வலது கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்து, ஆறாமல் கறுத்துப்போய், திண்டிவனத்தில் டாக்டர் விரலையே எடுத்துவிட்டார். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்த எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். "இதோட நிறுத்திக்குங்க. இன்னொரு தடவை சக்கரைய ஏத்திக்கிட்டு வந்தா கணுக்கால்ல வச்சு எடுக்கணும்" என்றார் டாக்டர். ஒற்றைக் காலில் மூட்டை தூக்க முடியாது. எங்கள் வீட்டில் வேறு வருமானமும் கிடையாது.

அடுத்த வைகாசியில் கொடி ஏறியது. அப்பாவின் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. வருஷம் முழுக்க கேப்பைக் களியும் கீரையும் தின்ற மனிதருக்கு, சாமி பேரைச் சொல்லி அதிரசம் தின்ன ஒருநாள் வருகிறது.

"யோவ், நூத்திநாப்பது வூடு. வூட்டுக்கு ஒரு அதிரசம்னா நூத்திநாப்பது அதிரசம். செத்துப்பூடுவ" என்றாள் அம்மா.

"பீமன் தின்னு செத்ததா எந்தக் கதைலடி கீது? பீமனுக்கு ஏது சக்கரை?"

"பீமன் மூட்டை தூக்கல. பீமனுக்குக் கட்டைவிரலு இருந்திச்சி."

"அப்போ உரிமைய வுட்டுடச் சொல்றியா? விருத்தாசலம் மருமவன் மீசைய முறுக்கிக்கினு நிக்கிறான், தெரியுமில்ல?"

விருத்தாசலம் எங்கள் கோயில் தர்மகர்த்தா. அவருடைய மருமகனுக்கு மூன்று வருஷமாக பீமன் வேஷத்தின் மேல் ஒரு கண். நூற்று நாற்பது வீட்டுப் பெண்கள் வரிசையாக ஆக்கிக் கொண்டுவந்து கொடுக்கிற வேஷம் வேறு எது இருக்கிறது? தருமனுக்கு யாரும் ஒரு டீத்தண்ணிகூடக் கொடுப்பதில்லை.

அம்மா கடைசியாக எழுந்து முந்தானையை உதறினாள். "நீ வேஷம் கட்டு. நான் கோலியனூருக்கு எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன். காலு இல்லாத பீமனைத் தூக்கிக்கினு சுத்த என்னால ஆவாது."

எனக்கு வெளியாட்கள் முன்னால்தான் வாய் வராது. வீட்டுக்குள் வரும். "சோத்தைக் கொளஞ்சி மாமா தின்னட்டுமே" என்றேன்.

கொளஞ்சி மாமா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. எங்கள் ஊர் பகாசுரன் அவர்தான். ஊரிலேயே ஒல்லியான ஆளைப் பிடித்து அரக்கனாகப் போட்டதற்குக் காரணம் ஒன்றுதான். அடி வாங்கி விழுந்து சாக வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. உச்சிப்பொழுதிலிருந்து உடம்பெல்லாம் கரியைப் பூசிக்கொண்டு, பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ஏரிக்கரையில் வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அரக்கன் பசியோடு இருக்க வேண்டும் என்பது சாங்கியம். சாயங்காலம் வண்டி வரும்போது அதில் வெறும் அண்டா இருக்கும். நாலு அடி வாங்கிச் செத்துவிட்டு வீட்டுக்கு வந்து பழையது தின்பார்.

ஆளனுப்பிக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் மாமாவின் கண் கலங்கிவிட்டது.

"பன்னெண்டு வருசமா செத்துக்கினு கீறேன் மாமா. ஒரு வருசமாவது வயிறு ரொம்பி செத்தேனா? கதைப்படியே பாரு. அது யாரு சோறு? அரக்கனுக்குன்னு ஊரு ஆக்குன சோறு. என் சோறு. வழியில திருடித் தின்னவன் ஹீரோவாம், பசியோட குந்திக்கினு இருந்தவன் வில்லனாம். இன்னா நியாயம் இது?"

இதற்கு வியாசருக்கே பதில் வந்திருக்காது.

ஏற்பாடு இதுதான். டிராக்டர் டிப்பரில் ஒரு கட்டிலைப் போட்டு, அதைச் சுற்றி பச்சைத்துணியைத் தரைவரை கட்டிவிடுவது. கட்டிலின் மேல் பீமன். கட்டிலுக்கு அடியில் பகாசுரன். பீமன் வீட்டுப் பெண் ஒருத்தி வண்டியில் நின்று சோறு வாங்கி பீமனுக்கு ஊட்டுவது வழக்கம் என்பதால் அந்த வேலை எனக்கு. உருண்டையை மீசைவரைக்கும் கொண்டுபோவேன். அப்பா வாயை ஆவென்று திறந்து மூடி மெல்லுவார். உருண்டை என் தாவணி மறைவில் கீழே இறங்கி, துணியின் கிழிசல் வழியாக மாமாவின் கைக்குப் போய்விடும். ஏரிக்கு முன்னால் மோட்டார் கொட்டகைத் திருப்பத்தில் மாமா இறங்கி, கரைக்கு அந்தப்பக்கம் ஓடி, அங்கிருந்து கர்ஜித்துக்கொண்டே வர வேண்டும்.

டிராக்டர் ஓட்டுகிற இன்னாசிராஜ் அண்ணனிடம் மட்டும் சொல்லியாக வேண்டியிருந்தது. மாட்டுவண்டிகள் ஊரில் ஒழிந்தபிறகு, பக்கத்து ஊர் மாதா கோயில் தெருவிலிருந்து அவருடைய டிராக்டர்தான் வருகிறது. "எனுக்கு இன்னா" என்றார் அவர். "போன மாசம் எங்க மாதா சப்பரமும் இந்த டிப்பர்லதான் போச்சு. அப்பவும் கழுவுனேன், இப்பவும் கழுவிட்டேன். யாரு மேல குந்துறாங்க, யாரு கீழ குந்துறாங்கன்றது ஒங்க பாடு."

"இப்பப் பாரு" என்று அம்மா அப்பாவின் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றினாள். "ஒரு பருக்கை உள்ள எறங்காதுன்னு சத்தியம் பண்ணு." அப்பா பண்ணினார். கை சுட்டது ஒருபக்கம், நூற்று நாற்பது அதிரசம் போனது ஒருபக்கம், இரண்டுக்கும் சேர்த்து அவர் முகம் கோணிக்கொண்டது. இதுவரை பீடி, கள், சீட்டு என்று அவர் செய்த சத்தியம் எதுவும் ஒரு வாரம் தாண்டியதில்லை. அதனால் நான் அவரை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆறாம் நாள் காலையில் அம்மா கோயிலுக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பினாள். அதற்கு முன்பே ஆஸ்பத்திரி மாத்திரை ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்திருந்தாள். அது எனக்குத் தெரியாது. நான் எழுந்து வந்து, இன்றைக்குப் பார்த்து மறந்துவிடக் கூடாதே என்று இன்னொன்றைக் கொடுத்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிற்பாடு கேட்டபோது சொன்னார்: "ரெண்டு மாத்திரைன்னா ரெண்டு அதிரசம் தாங்கும்ல? நீ அந்தாண்ட திரும்புனா போட்டுக்கலாம்னு ஒரு கணக்கு."

காப்புக் கட்டியவர் வண்டி ஏறும்வரை விரதம் இருக்க வேண்டும். அதனால் காலையில் அவர் ஒன்றும் சாப்பிடவும் இல்லை.

வண்டி கிளம்பியது. முன்னால் மேளம், பின்னால் ஊர். நான் தலையைக் குனிந்துகொண்டு வாங்குவதும் காட்டுவதும் இறக்குவதுமாக இருந்தேன். புளிசோறு, சுண்டல், வடை, கொழுக்கட்டை, வெல்லம் போட்ட மல்லாட்டை உருண்டை. பீமன் வாயைத் திறந்து திறந்து மூடினார். கீழே பகாசுரன் நிறுத்தாமல் தின்றுகொண்டிருந்தார். முதல் இருபது வீடுவரை துணிக்கு வெளியே ஒரு சத்தம் இல்லை. அதற்குப் பிறகு மாமாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. கிழிசல் வழியாக விரல் வெளியே வந்து, எனக்கு வடைதான் வேண்டும் என்று சைகை காட்ட ஆரம்பித்தது.

புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த தேவயானி, நேரம் இல்லாமல் உப்புமா கிண்டிக் கொண்டுவந்திருந்தாள். பாரதத்திலேயே உப்புமா தின்ற முதல் பீமன் எங்கள் பீமன்தான். உருண்டை கீழே இறங்கியதும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"உப்பே இல்ல."

தேவயானி திடுக்கிட்டாள். "யாருங்க பேசுனது?"

நான் தலையை இன்னும் குனிந்துகொண்டேன். இன்னாசிராஜ் அண்ணன் திரும்பிப் பார்க்காமல், "பீமன் வயிறும்மா. அரை டன்னு எறங்கிக்கினு கீது, பேசத்தான் செய்யும்" என்று சொல்லி கியரைப் போட்டார். தேவயானி பீமனின் வயிற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தர்மகர்த்தா வீட்டில்தான் சிக்கல். அவர் மனைவி நெய் சொட்டும் சர்க்கரைப் பொங்கலை வெள்ளித்தட்டில் வைத்துக்கொண்டு, "நான்தான் ஊட்டுவேன்" என்று ஸ்டூல் போட்டு ஏறிவிட்டார். தடுக்க முடியவில்லை. எலுமிச்சை அளவு உருண்டை அப்பாவின் வாய்க்குள் போனது. விருத்தாசலமும் மருமகனும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கன்னத்தில் அதை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வண்டி திரும்பியதும் துண்டை எடுத்து மீசையைத் துடைப்பதுபோல் அதை அப்படியே துப்பினார்.

வாழ்க்கையில் ஒரே ஒரு சத்தியத்தைக் காப்பாற்றினார். அதுவும் காப்பாற்றக் கூடாத நேரத்தில்.

நூறு வீடு தாண்டியிருக்கும். அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்தது. முகத்தில் பூசியிருந்த சிவப்பு, வேர்வையில் கரைந்து கழுத்தில் வழிந்தது. வைகாசி வெயில், அதற்குமேல் அத்தனை கனமான கிரீடம், வேர்க்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். கண்முன்னால் அவ்வளவு சோறு போகிறதே என்ற கோபத்தில் நடுங்குகிறார் என்றும் நினைத்தேன்.

"துர்கா, நீ ரெண்டா தெரியிறடி" என்றார் மெதுவாக.

"நடிக்காதப்பா."

"ஒரே ஒரு அதிரசம் குடுடி. இன்னாவோ பண்ணுது."

"சத்தியம் பண்ணிக்கீற."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. என் அப்பா ஒரு பண்டத்தை ஒரே தடவை கேட்டு நிறுத்தியதை நான் பார்த்ததே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடைசி வீடு முடிந்ததும் ஊர் இடம் பிடிக்கக் குறுக்குவழியில் ஏரிக்கரைக்கு ஓடிவிட, மோட்டார் கொட்டகைத் திருப்பத்தில் டிராக்டர் தனியாக நின்றது. கொளஞ்சி மாமா துணியை விலக்கிக்கொண்டு இறங்கப் பார்த்தார். முடியவில்லை. நூற்று நாற்பது வீட்டுச் சோறு உள்ளே இருந்தது. கடைசியில் இன்னாசிராஜ் அண்ணன் இறங்கி வந்து, மூட்டை உருட்டுவதுபோல் அவரை உருட்டித் தள்ளினார். மாமா வயிற்றைக் கையில் தாங்கிக்கொண்டு வரப்பில் நடந்தார். ஓட்டம் என்பதே இல்லை.

ஏரிக்கரையில் ஊர் வட்டம் கட்டி நின்றது. பிரசங்கியார் மைக்கைப் பிடித்திருந்தார். "அதோ வருகிறான் பார், மூன்று நாளாய்ப் பசித்திருந்த மூர்க்கன்!" என்று அவர் சொல்லி முடிக்கவும், கரைமேல் மாமா தெரிந்தார். வயிறு மத்தளம். வாயைச் சுற்றிக் கரி போய், பாயசம் வழிந்த கோடு. கர்ஜிக்க வாயைத் திறந்தார். பெரிய ஏப்பம் வந்தது.

"பகாசுரன் மாசமா கீறான்டோய்!" என்று ஒருத்தன் கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அப்பா கதாயுதத்தை எடுத்துக்கொண்டு டிப்பரிலிருந்து இறங்கினார். இரண்டு அடி வைத்தார். கதாயுதம் கையிலிருந்து நழுவியது. அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, முழங்கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. உடம்பு உதறியது.

"வாயுபுத்திரனுக்கு ஆவேசம் வந்துருச்சு மெய்யன்பர்களே!" என்று மைக் அலறியது. பெண்கள் குலவை போட்டார்கள். மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். விருத்தாசலம் ஓடிவந்து வேப்பிலையால் அடித்து, சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, சூடத்தை முகத்துக்கு நேரே காட்டினார். அப்பா ஏதோ உளறினார். "சாமி பேசுது, சாமி பேசுது" என்று நாலு பேர் காலில் விழுந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் எங்கள் அப்பாவிடம் சீட்டாட்டத்தில் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கடைசியாகச் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் வந்து நின்றது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். வேர்க்கும், நடுங்கும், உளறல் வரும். உடனே வாயில் இனிப்பைப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆள் போய்விடும்.

காலைக் காப்பாற்றுகிறேன் என்று நான் ஆளையே தீர்த்துக்கொண்டிருந்தேன்.

டிப்பரைப் பார்த்தேன். வரிசையாக அண்டாக்கள். ஒன்றில்கூட ஒரு பருக்கை இல்லை. கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். வழித்து நக்கின தட்டு ஒன்று கிடந்தது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மேளமும் குலவையும் இருந்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா கூட்டத்தின் அந்தப் பக்கம், குலவை போடும் பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, என்ன நடக்கிறது என்று தெரியாமல் எக்கி எக்கிப் பார்த்தாள்.

வட்டத்துக்குள் பெண்கள் போகக் கூடாது. போனேன். ஓடிப்போய்க் கொளஞ்சி மாமாவின் கரிக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, இனிப்பு வேணும். ஏதாவது இனிப்பு. அப்பா செத்துடுவாரு."

"எல்லாம் தின்னுட்டேனேடி" என்றார் மாமா. அவருக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு திடீரென்று வேட்டி மடிப்பைத் தடவினார். அரைஞாண் கயிற்றோடு முடிந்து வைத்திருந்த ஒரு பொட்டலம் வெளியே வந்தது. நாலு அதிரசம். "வூட்ல அவளுக்கும் புள்ளைங்களுக்கும் எடுத்து வச்சேன்" என்றார், திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி.

"ஜல்தி மாமா!"

பகாசுரன் ஓடினார். அந்த வயிற்றோடு எப்படி ஓடினார் என்பது இன்றைக்கும் தெரியவில்லை. விருத்தாசலத்தின் கையிலிருந்த தீர்த்தச் சொம்பைப் பிடுங்கி, இரண்டு அதிரசத்தை அதில் நொறுக்கிப் போட்டுக் கையை விட்டுக் கலக்கினார். பீமனின் தலையைத் தன் மடியில் சாய்த்து, மீசையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினார்.

"முழுங்கு மாமா. முழுங்கு. என்னை யாரு சாவடிக்கிறது நீ பூட்டா?"

மேளம் நின்றது. குலவை நின்றது. அரக்கன் பீமனை மடியில் போட்டு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"டேய்! தெய்வக்குத்தம்டா!" என்று விருத்தாசலம் மாமாவை இழுக்கப் போனார். நான் குறுக்கே நின்றேன். பேச்சு வரவில்லை. நகரவும் இல்லை.

மைக்கில் கொரகொரவென்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பதினெட்டு நாளும் பேசக் காசு வாங்குகிற மனிதருக்கு மௌனம் தாங்காது. பிரசங்கியார் தொண்டையைச் செருமினார்.

"மெய்யன்பர்களே... இந்தக் கட்டம் பலருக்குத் தெரியாது. பகாசுரன் யார்? போன பிறவியிலே அவன் ஒரு... ஒரு ராஜாவின் சமையல்காரன். பசி என்று வந்தவனுக்குச் சோறு இல்லை என்று சொன்னதால் அரக்கனாகப் பிறக்கச் சாபம். பசியோடு வருகிற ஒருவனுக்குத் தன் கையால் எப்போது ஊட்டுகிறானோ, அப்போது சாப விமோசனம். அதைத்தான் இப்போது பார்க்கிறீர்கள்!"

அவர் குரல் போகப் போக உறுதியானது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று தோன்றியது. கூட்டத்தில் யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தராக எல்லோரும் கும்பிட்டார்கள்.

கால் மணி நேரம் ஆயிற்று. அப்பாவின் நடுக்கம் அடங்கி, கண் ஒரு நிலைக்கு வந்தது. சுற்றிலும் பார்த்தார். கொளஞ்சி மாமாவின் மடியில் படுத்திருப்பது தெரிந்தது. மாமாவின் கையில் மீதி இரண்டு அதிரசம் இருப்பதும் தெரிந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"பாகு கொஞ்சம் முத்திப்போச்சு" என்றார்.

நான் அவர் மேல் விழுந்து அழுதேன். அதையும் ஊர் பக்தி என்றே எடுத்துக்கொண்டது.

சண்டை அரை நிமிஷம்கூட நடக்கவில்லை. அப்பா உட்கார்ந்தபடியே கதாயுதத்தால் மாமாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். மாமா நிம்மதியாக மல்லாந்து விழுந்து செத்தார். பதின்மூன்றாவது சாவு. எழுப்பத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று. தூங்கிவிட்டிருந்தார்.

மறுநாள் கோயில் பந்தலில் விருத்தாசலம் விசாரணை வைத்தார். பீமன் தின்ற சோறு பகாசுரன் வயிற்றுக்கு எப்படிப் போனது என்பது அவருடைய கேள்வி. அப்பா சர்க்கரையிலிருந்து சத்தியம்வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, உரிமையை விட்டுவிடுகிறேன் என்று எழுந்தார். மருமகன் நாற்காலியில் நிமிர்ந்தான். பிரசங்கியார்தான் குறுக்கே பாய்ந்தார்.

"தர்மகர்த்தா, நேத்து ஆயிரம் பேரு முன்னால பாரதத்துல இருக்குதுன்னு மைக்குல சொல்லிட்டேன். இப்போ நீங்க குத்தம்னு சொன்னா நான் சொன்னது பொய்யா? இந்த ஊருல பாரதம் பொய்யின்னா பக்கத்து ஊருல எவன் என்னைக் கூப்புடுவான்?"

விருத்தாசலம் யோசித்தார். பாரதத்தைப் பொய் என்று சொல்கிற தர்மகர்த்தாவாக இருக்க அவருக்கு விருப்பமில்லை. அந்த வருஷம் மழையும் நேரத்துக்குப் பெய்து, மல்லாட்டை காய் காயாகப் பிடித்துத் தொலைத்தது. அதோடு விஷயம் முடிந்தது. இனி வருஷா வருஷம் பகாசுரன் பீமனுக்கு ஊட்டியே ஆக வேண்டும் என்று கோயில் கமிட்டி தீர்மானம் போட்டது.

அடுத்த வைகாசியில் கொடி ஏறிய மறுநாள், பிரசங்கியார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாயவா, போன வருசம் நான் இன்னா சொன்னேன்? சமையக்காரன்னு சொன்னனா, பூசாரின்னு சொன்னனா? அன்னிக்கி வாயில வந்தத வுட்டுட்டேன். இப்போ மாத்திச் சொன்னா ஊரு புடிச்சுக்கும்."

அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. அவர் அப்போது பாதி எமலோகத்தில் இருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அன்றைக்கு ராத்திரியே எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நோட்டைக் கொடுக்க முடியாது. அதில் பிரசங்கியாரைப் பற்றியும் நிறைய இருந்தது. "நாளைக்கு எழுதித் தர்றேனுங்க" என்றேன்.

ஒரு தாளில் நகல் எடுக்க உட்கார்ந்தேன். சமையல்காரன், ராஜா, சாபம், விமோசனம், எல்லாம் அவர் சொன்னபடியே எழுதினேன். எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. ஊருக்கு இதுதான் பாரதம் என்றால் இதில் இருப்பதை யாரும் மீற முடியாது. அப்பாவே மீற முடியாது. அதனால், பீமன் வண்டி ஏறும் முன் கேப்பைக்கூழ் ஒரு சொம்பு குடித்தான் என்று சேர்த்தேன். அரக்கனைப் பிடித்து வண்டியிலேயே பக்கத்தில் உட்கார வைத்து, ஊர்ச் சோற்றை அவனுக்கே கொடுத்தான் என்று சேர்த்தேன். அந்தச் சோறு யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கடைசியில், பகாசுரன் ஊட்டியது அரை அதிரசம் என்று எழுதினேன்.

பிரசங்கியார் தாளை வாங்கி ஒரு தடவை ஓட்டினார். "ஆமாமா, இப்படித்தான் சொன்னேன்" என்றார்.

ஆறாம் நாள் கொளஞ்சி மாமா ஒளியாமல் மறையாமல் கட்டிலின் மேல் பீமனுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, வீட்டுக்கு வீடு வாங்கித் தின்றுகொண்டே வந்தார். தேவயானி உப்புமாவில் உப்புப் போட்டிருந்தாள். ஏரிக்கரையில் ஊர் வட்டம் கட்டியது. அம்மா ஒரு கையில் அதிரசமும் ஒரு கையில் கூழ்ச் சொம்புமாக முன்வரிசையில் நின்றாள். பிரசங்கியார் என் கையெழுத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு மைக்கில் வாசித்தார். விமோசனம் வந்தது. "பகாசுரன் அரை அதிரசத்தை எடுத்து..." என்றார்.

அப்பா மீசைக்குள்ளிருந்து சீறினார். "அரையா? முழுசா ரெண்டு இல்ல? அரை அதிரசம்னு எந்தப் பாரதத்துல கீது?"

"மைக்குல கீது மாமா" என்றார் கொளஞ்சி மாமா.

அதிரசத்தை இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியை பீமன் வாயில் வைத்தார். மறுபாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு சாவதற்குத் தயாரானார்.